பத்து மாத அட்வான்ஸும் பிளாட்பாரமும்

நகரமைப்பு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "ஐம்பது வருஷமாக அரசு ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் வீடுகள். அப்படியும் பாரிமுனையிலும் வால்டாக்ஸ் சாலையிலும் இரவானால் குடும்பம் குடும்பமாகத் தெருவில் படுக்கிறார்கள். ஒரு நகரம் இதற்கு எப்படித்தான் திட்டமிட வேண்டும்?"

நல்ல கேள்வி. வடசென்னையில் பிளாட்பாரக் குடும்பங்களைக் கணக்கெடுக்கும் வேலையில் சில வருஷம் இருந்தேன், அதனால் சென்னையை வைத்தே பதில் சொல்கிறேன். நாம் எத்தனை வீடு கட்டினோம் என்று எண்ணுகிறோம். அந்த வீட்டிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு வேலைக்குப் போய்ச் சேர முடியுமா என்று பார்ப்பதில்லை. வாங்க முடியாதவர்கள், ஆனால் மாதாமாதம் வாடகை கொடுக்கக்கூடியவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கென்று எதுவும் கட்டுவதில்லை. இந்த இரண்டும் சரியாகாமல் இன்னும் ஒரு லட்சம் வீடு கட்டினாலும் பிளாட்பாரம் காலியாகாது என்பது என் முடிவு.

பாரிமுனையை ஒட்டிய பூக்கடைப் பகுதியில் ஒரு அக்காவைத் தெரியும். பூ கட்டுகிறவர். கணவர் மீன்பாடி வண்டி, அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி, ஓட்டுகிறார். அக்காவின் அம்மாவும் அதே தெருவில் பிறந்தவர்தான், ஆக மூன்றாவது தலைமுறை. இரவு பத்தரைக்குக் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் அவர்களுக்குப் படுக்க இடம் கிடைக்கும். தார்ப்பாயை விரித்து, குழந்தைகளைச் சுவரோரமாகவும் பெரியவர்களை ரோட்டோரமாகவும் படுக்க வைப்பார்கள், வண்டி ஏறினால் முதலில் பெரியவர்கள் மேல் ஏறட்டும் என்பதுதான் அந்த வரிசை. பகலில் பாயும் பாத்திரமும் கம்பி வேலியில் மூட்டையாகத் தொங்கும். ரேஷன் கார்டு, ஆதார், பெண்ணின் மார்க் ஷீட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில், தெரிந்த கடைக்காரரின் மேஜை டிராயருக்குள். மழைக்காலத்தில் அந்தக் கவருக்குத்தான் முதல் கவனிப்பு. கழிப்பறைக்கும் குளியலுக்கும் காசு, அதுவும் இரவில் பூட்டிவிடுவார்கள் என்பதால் பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு அரசு வீடு கிடைத்தது. பெரும்பாக்கத்தில், ஐந்தாவது மாடியில். முதல் முறை போய்ப் பார்த்தபோது அக்கா என்னிடம் காட்டியது ஹாலையோ சமையலறையையோ இல்லை, குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைத்தான். "எம் பொண்ணு வெளிச்சத்துல குளிக்குதுங்க" என்றார். அதுவரை அந்தப் பெண் விடிவதற்கு முன்னால் இருட்டில், பாவாடையை மாரோடு கட்டிக்கொண்டு அடிபம்பு ஓரம் குளித்து வளர்ந்தவள்.

எட்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். பூ ஏலம் முடிவதற்குள் நாலு மணிக்கெல்லாம் சந்தையில் நிற்க வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து பாரிமுனை இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது, இரண்டரை மணிக்கு எந்த பஸ்ஸும் கிடையாது. பெண்களுக்கு சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது 2021இலிருந்து பெரிய உதவிதான், நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் பஸ்ஸே இல்லாத நேரத்தில் இலவசத்தால் என்ன பயன்? கணவர் வண்டியை அங்கே கொண்டுபோக முடியாது, அதனால் அவர் வாரத்தில் ஐந்து நாள் பாரிமுனையில் வண்டி மேலேயே தூங்கினார். பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு நடுவில் பள்ளி மாற்றம். கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு பழைய கம்பி வேலிக்கே வந்தார்கள். அரசின் கணக்கில் அவர்கள் வீடு பெற்றவர்கள். இரவில் கணக்கெடுக்கப் போன என் நோட்டில் வீடில்லாதவர்கள்.

இது எப்படி இப்படி ஆனது என்று புரிய கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது, 1971இல் அதற்கான சட்டம் வந்தது. "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்ற வாசகத்தை அந்தக் காலத்துக் கட்டடங்களில் பார்த்திருப்பீர்கள். ஆரம்பத்தில் அவர்கள் செய்ததில் ஒரு விஷயம் அருமையானது: குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது பக்கத்திலேயே, மூன்று மாடி நான்கு மாடிக் குடியிருப்பு. நொச்சிக்குப்பம் மாதிரி இடங்களில் கடலுக்குப் போகிறவர் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். வீடு சின்னது, கட்டுமானம் பல இடங்களில் மோசம், மாடிப்படி இருட்டு, எல்லாம் சரிதான். ஆனால் வேலை, பள்ளி, அரசு மருத்துவமனை எதுவும் கைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் நகரத்துக்கு நடுவில் ஏழைகள் உரிமையோடு இருக்கும் இடங்களில் பாதிக்கு மேல் அந்தக் காலத்து முடிவுகளின் மிச்சம் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் 1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை பிரித்து, ரோடு, குழாய், கழிவுநீர் இணைப்பு எல்லாம் போட்டு, சின்னச் சின்ன மனைகளாக ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். மெயின் ரோட்டு ஓரத்து மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் உள்ளே இருந்த சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். வீட்டை மக்களே, கையில் காசு வர வர, ஒரு அறை, பிறகு இன்னொரு அறை, பிறகு மாடி என்று கட்டிக்கொண்டார்கள். பின்னால் முகப்பேரிலும் இதே முறை. இன்றைக்கு அரும்பாக்கத்தையும் முகப்பேரையும் பார்த்தால் இது ஏழைகளுக்கான மனைப்பிரிவாகத் தொடங்கியது என்றே யாருக்கும் தெரியாது. அதே காலத்தில் இருக்கிற குடிசைப் பகுதிக்கே குழாய், கழிப்பறை, தெருவிளக்கு, கூடவே பட்டா என்ற வேலையும் நடந்தது. ஒரு வீடு கட்டும் செலவில் பல குடும்பங்களுக்கு நிம்மதி கொடுத்த வேலை அது, அதைப் பாதியில் விட்டது பெரிய தவறு என்று இன்னமும் நினைக்கிறேன்.

பட்டா என்றதும் இன்னொன்று. 1971இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளை அரசு முறைப்படி அறிவித்தது, 1985இல் இன்னும் 17. மொத்தம் 1,219. அதற்குப் பிறகு உருவான பகுதிகளுக்கு அந்த அறிவிப்பு கிடைக்கவே இல்லை. சட்டப்படி அறிவிக்கப்பட்ட இடத்தில் இருப்பவர்களைச் சும்மா காலி செய்துவிட முடியாது, அறிவிப்பு இல்லாத இடத்தில் இருப்பவர் நீதிமன்றக் காகிதத்தில் "ஆக்கிரமிப்பாளர்". கூவம் ஓரமோ பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமோ நாற்பது வருஷம் வாழ்ந்து, வோட்டுப் போட்டு, கரன்ட் பில் கட்டியவருக்கும் அதே பெயர்தான். திட்டமிடல் தொடங்குவது இங்கேதான். யாரை எண்ணுகிறோம், என்ன பெயரில் எண்ணுகிறோம் என்பதில்.

2000க்குப் பிறகு திசை மாறியது. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறியது, பறக்கும் ரயில், மேம்பாலம், நதிச் சீரமைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, 2004 சுனாமி, 2015 வெள்ளம். 2005இல் வந்த மத்திய அரசின் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தில் பெரிய பணம் வந்தது, ஆனால் அந்தப் பணத்தைச் செலவழிக்க ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் கட்டக்கூடிய பெரிய நிலம் வேண்டியிருந்தது. அப்படி நிலம் இருந்தது தெற்கே, சதுப்பு நிலத்தை ஒட்டி. கண்ணகி நகர் 2000லேயே தொடங்கியிருந்தது, பிறகு செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் என்று அடுத்தடுத்து வந்தன. ஒரு நகரத்தின் ஏழைகளை எல்லாம் அள்ளி ஒரே மூலையில் வைத்தோம். அங்கே ஆரம்பத்தில் போதுமான பள்ளி இல்லை, ரேஷன் கடை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. போலீஸ் வந்தது, கெட்ட பெயர் வந்தது, "எங்க இருக்க?" என்று கேட்டு கண்ணகி நகர் என்றதும் வேலை இல்லை என்று அனுப்பிய இடங்கள் பற்றி அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுதான் ஊர். அவர்கள் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அந்தக் குடியிருப்புகளுக்கு நல்ல பஸ், நல்ல பள்ளி, பக்கத்திலேயே வேலை எல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது கடன். நான் சொல்வது, அதே மாதிரி இன்னொன்றைக் கட்டாதீர்கள் என்பது.

சரி, நகரத்துக்குள் நிலம் எங்கே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து மிக நல்ல நிலம் ஏற்கெனவே வாரியத்திடமே இருக்கிறது: எழுபதுகளில் கட்டிய அந்தப் பழைய குடியிருப்புகள். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் இருந்த ஒரு பிளாக் அப்படியே சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகு பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும் வேலை வேகம் பிடித்தது, இது சரியான திசை. அதே இடத்தில், கொஞ்சம் பெரிய வீடாக, மாடிகளைக் கூட்டிக் கட்டினால் கூடுதலாகச் சில வீடுகளும் கிடைக்கும்.

ஆனால் இங்கேயும் ஒரு ஓட்டை. இடித்துக் கட்டும்வரை குடும்பங்கள் வெளியே வாடகைக்கு இருக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் கருணைத் தொகை முன்பு 8,000 ரூபாய், பிறகு 24,000 ஆக்கினார்கள். சென்னையில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும், மாதம் 6,000 ரூபாய் வாடகை என்றால் பத்து மாத அட்வான்ஸ் 60,000, அப்புறம் புரோக்கருக்கு ஒரு மாதம். வேலை முடிய ஒன்றரை வருஷமாவது ஆகும், பல இடங்களில் அதற்கு மேலும். ஆக, வீடு இருந்த குடும்பம் வட்டிக்கு வாங்கித்தான் வெளியே போகிறது. திரும்பி வரும்போது புது வீட்டுக்குப் பயனாளி பங்கு என்று லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கிற இடங்களும் உண்டு. வட்டி கட்ட முடியாமல் வீட்டு ஒதுக்கீட்டையே கைமாற்றிவிட்டு எங்கோ போய்விடுகிறவர்களை "அரசு வீட்டை வித்துட்டாங்க" என்று திட்டுவது எளிது. எங்கே அவர்கள் சறுக்கினார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த அட்வான்ஸில் வந்து நிற்கும்.

அட்வான்ஸ் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் திட்ட அறிக்கைகளில் இந்த வார்த்தையே வராது. பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்கு வருமானமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நான் கணக்கெடுத்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். பூ கட்டுதல், பூண்டு உரித்தல், மூட்டை தூக்குதல், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுதல், வண்டி. கழிப்பறை, குளியல், தண்ணீர், ஹோட்டல் சாப்பாடு, பொருள் வைக்க வாடகை என்று தெருவில் வாழ்வதற்கே மாதம் ஒரு சின்ன அறையின் வாடகை அளவுக்குச் செலவழித்தார்கள். மாத வாடகை அவர்களால் முடியும். மொத்தமாக 50,000 ரூபாய் ஒரே நாளில் எடுத்து வைப்பதுதான் முடியாது. அது போதாதென்று, இருக்கிற முகவரி என்ன, என்ன சாதி, என்ன வேலை, எத்தனை பேர் என்று வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள் வேறு.

தமிழ்நாட்டில் 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது செல்லும் என்று அதே வரியில் கதவையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு தேடி நாயாய் அலைகிறவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவார். அந்த விதிவிலக்கை, குறைந்தபட்சம் ஒரு குறிப்பிட்ட வாடகைக்குக் கீழே உள்ள வீடுகளுக்காவது, நீக்க வேண்டும். நீக்கும் வரை மாநகராட்சியே ஒரு அட்வான்ஸ் நிதி வைக்கலாம்: பணம் வீட்டுக்காரரிடம் போகும், குடும்பம் காலி செய்யும்போது நிதிக்கே திரும்பி வரும். ஒரு புது வீடு கட்ட பத்து லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிறது. அந்தப் பணத்தில் இருபது குடும்பங்களுக்கு அட்வான்ஸ் போடலாம், அதுவும் திரும்பி வரக்கூடிய பணம்.

வாடகைக்கென்று கட்ட முடியாது, நிர்வகிக்க முடியாது என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியை மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 706 கோடி ரூபாயில் கட்டி 2024இல் திறந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் இருக்கின்றன, நன்றாகவே நடக்கின்றன. 2020இல் ஊரடங்கின்போது வெளிமாநிலத் தொழிலாளர்கள் நடந்தே ஊருக்குப் போனதைப் பார்த்த பிறகு மத்திய அரசே குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதாவது வாடகைக்குக் கட்டத் தெரியும், மாதச் சம்பளக்காரருக்கென்றால் செய்கிறோம். தினக்கூலிக் குடும்பத்துக்கு, பாரிமுனையிலிருந்து நடக்கிற தூரத்தில், நூறு அறை கொண்ட ஒரு கட்டடம் இல்லை.

தனியார் கட்டுநர்களிடமிருந்து வரவேண்டியதும் இருக்கிறது. 2008இல் வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பெரிய திட்டங்களில் 10 விழுக்காடு 45 சதுர மீட்டருக்கு மிகாத சின்ன வீடுகளாக, அதே இடத்திலோ இரண்டு கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும் என்றார்கள். நல்ல விதி. நடைமுறையில் பக்கத்துப் பக்கத்து இரண்டு சின்ன பிளாட்டைச் சேர்த்து ஒருவரே வாங்கிக்கொள்வது எல்லாம் நடந்தது, பின்னால் வீட்டுக்குப் பதில் கட்டணமாகக் கட்டிவிடலாம் என்ற வழியும் வந்தது. கட்டணம் வந்தால் அந்தப் பணத்தில் வேறு இடத்தில் கட்டலாம்தானே என்று கேட்கலாம். கட்டலாம், ஆனால் அண்ணா நகரில் கட்டிய கட்டணம் அண்ணா நகரில் ஒரு வீடாகாது, நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்துக்கே போகும். அந்த 10 விழுக்காட்டின் உண்மையான மதிப்பு அது இருக்கும் இடம்தான்.

தரைப்பரப்புக் குறியீடு (ஒரு மனையில் எவ்வளவு பரப்புக் கட்டலாம் என்ற அளவு), பார்க்கிங் விதி, மாடி உயரம் இவற்றையும் மாற்ற வேண்டும், அதைப் பற்றி நிறைய பேர் எழுதுகிறார்கள். நான் தாண்டிப் போகிறேன்.

இரவுக் காப்பகங்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் குளிர்காலத்துக்கு மட்டுமில்லை, வருஷம் முழுக்க, இருபத்துநாலு மணி நேரமும் என்றது. 2011 கணக்கில் விரிந்த சென்னை மாநகராட்சியில் 66 லட்சத்துக்கு மேல் மக்கள், ஆக அன்றைய கணக்குக்கே அறுபத்தாறு காப்பகம் வேண்டும். மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து காப்பகங்களை நடத்துகிறது, மற்ற பல நகரங்களைவிட இங்கே நன்றாகவே நடக்கிறது, குறிப்பாக அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வந்து வராந்தாவில் படுத்துக் கிடப்பவர்களுக்குக் கட்டியவை பெரிய புண்ணியம். வயதானவர், வீட்டை விட்டு வந்த பையன், மனநலம் குன்றியவர் இவர்களுக்குக் காப்பகம்தான் முதல் படி.

ஆனால் சென்னையின் பிளாட்பாரம் தனி ஆள் பிளாட்பாரம் இல்லை, குடும்பப் பிளாட்பாரம். காப்பகத்தில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, பையன்களுக்குத் தனி. ஒரு இரவு நாங்கள் ஒரு குடும்பத்தை மழைக்கு ஒதுங்க காப்பகத்துக்கு வரச் சொன்னோம். அப்பாவை ஒரு இடம், அம்மாவையும் சின்னக் குழந்தையையும் இன்னொரு இடம், பன்னிரண்டு வயதுப் பையனை மூன்றாவது இடம். அந்த அம்மா கேட்டார், "ஒரு ராத்திரி மழைக்காக நாங்க மூணா பிரியணுமா சார்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. குடும்பமாகத் தங்க, சாமான் வைக்க, சமைக்க ஒரு மூலையோடு இடம் கொடுத்தால்தான் அவர்கள் வருவார்கள். அந்த இடத்தில் ஆறு மாதமோ ஒரு வருஷமோ இருந்து, ஆதார் முகவரி மாற்றி, ரேஷன் கார்டு வாங்கி, அங்கிருந்து வாடகை அறைக்குப் போகும் வழியும் கூடவே இருக்க வேண்டும். இப்போது காப்பகம் ஒரு அலுவலகம், வீடு ஒதுக்குவது இன்னொரு அலுவலகம், இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

பின்லாந்தை இங்கே சொல்ல வேண்டும், குளிர் நாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிவிடாதீர்கள். அங்கே 1987 முதல் வருஷா வருஷம் வீடில்லாதவர்களை எண்ணுகிறார்கள். அப்போது 18 ஆயிரத்துக்கு மேல். 2008இல் ஒரு பெரிய முடிவு எடுத்தார்கள்: முதலில் குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம் என்ற வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு வீடு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஹெல்சிங்கியில் நூற்றுக்கணக்கானோர் படுத்த பெரிய இரவு விடுதியையே தனித்தனிக் குடியிருப்பாக மாற்றினார்கள். 2023இல் நாடு முழுவதும் எண்ணிக்கை 3,500க்கும் கீழே வந்தது. இது முடிந்ததற்குக் காரணம் நல்ல மனசு மட்டுமில்லை. ஹெல்சிங்கி நகரின் நிலத்தில் பெரும்பகுதி நகராட்சியின் கையில் இருக்கிறது, புதிதாகக் கட்டும் வீடுகளில் கால்வாசி குறைந்த வாடகை வீடாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், அதனால் கொடுக்க வீடு இருந்தது. 2024இல் எண்ணிக்கை மறுபடி கொஞ்சம் ஏறியது. வீட்டு உதவித்தொகையை அரசு வெட்டியது அதற்கு ஒரு காரணம்.

வீடு முதலில் என்பது நமக்கும் புதிதில்லை. சென்னையிலேயே 1993இல் தொடங்கிய 'தி பேனியன்' என்ற மனநலத் தொண்டு அமைப்பு, தெருவில் மீட்கப்பட்டு, நெடுங்காலம் மனநல மையங்களிலேயே இருந்துவிட்ட பெண்களுக்கு 2015 முதல் சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து நாலைந்து பேராகக் குடிவைக்கிறது. அவர்களே மளிகை வாங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். இனி இவர் வெளியில் வாழவே முடியாது என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிட்ட பெண்கள் அவர்கள். அவர்களுக்கே முடிகிறது என்றால், தினமும் நாலு மணிக்கு எழுந்து சந்தைக்குப் போகிற அக்காவுக்கு வீட்டில் வாழத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

வீடில்லாதவர்கள் எங்கிருந்தோ வருவதில்லை, பாதிப்பேரை நாமேதான் உண்டாக்குகிறோம். பள்ளி ஆண்டுக்கு நடுவில், மழைக்காலத்தில், ஒரு வாரம் டைம் கொடுத்து வீட்டை இடிப்பது அதில் முதல். 2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் இடிப்பு நடந்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு சட்டமன்றத்திலேயே மறுகுடியமர்வைப் பற்றி வாக்குறுதி வந்தது. காகிதத்தில் ஒன்று எழுத வேண்டும் என்றால் நான் இதை எழுதுவேன்: எந்தத் திட்டத்துக்காக எடுத்தாலும், மாற்று வீடு தயாரான பிறகே எடுப்பது, ஜூன் முதல் ஏப்ரல் வரை தொடாதது, மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் இடம் தருவது. கால்வாய்க் கரையில் வெள்ளம் வரும் என்பது உண்மைதான், யாரும் அங்கேயே இருந்து சாக வேண்டும் என்று சொல்லவில்லை. அதே கரையில் இருக்கிற பெரிய கட்டடங்களுக்கும் அதே அளவுகோலை வைத்துவிட்டுப் பேசலாம்.

இன்னொரு காரணம் மருத்துவச் செலவு, கணவர் இறப்பது, மூன்று மாத வாடகை பாக்கி. அந்த மூன்று மாத பாக்கியை யாராவது கொடுத்திருந்தால் தெருவுக்கே வந்திருக்க மாட்டோம் என்று என்னிடம் சொன்ன பெண்கள் நிறைய. வார்டு அளவில் ஒரு அவசர வாடகை உதவி இருந்தால் போதும், இதுதான் எல்லாவற்றிலும் மலிவான திட்டம்.

எண்ணுவதைப் பற்றிக் கடைசியாக. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ஒரே இரவில் வீடில்லாதவர்களை எண்ணினார்கள்: சாலையோரம், பாலத்தடி, குழாய்க்குள், கோயில் மண்டபம், ரயில் நிலையம். நாடு முழுவதும் 17.7 லட்சம். அந்த இரவில் சரக்கு இறக்கப் போயிருந்தவர், கல்யாண மண்டபத்தில் வேலைக்கு நின்றவர், தார்ப்பாயைக் கூரை மாதிரிக் கட்டியதால் "வீடு உள்ளவர்" ஆனவர் இவர்கள் எல்லாம் எந்தப் பக்கம் போனார்கள்? ஒரு இரவில் தலையை எண்ணுவதை விட, வார்டுக்கு வார்டு பெயர்ப் பட்டியல் வைத்து, என்ன வேலை, எங்கே வேலை, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். எங்கள் படிவத்தில் 'வேலைக்குக் கிளம்பும் நேரம்' என்ற கட்டத்தை நாங்களாகத்தான் சேர்த்தோம். வீடு எங்கே கட்ட வேண்டும் என்பதற்கு அந்த ஒரு கட்டமே பதில் சொன்னது. சென்னைக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகும் நேரம் இது, பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கும் ஆணையும் 2022இலேயே வந்துவிட்டது. எல்லை விரிந்தால் 'நகரத்துக்குள்ளேதான் வீடு கொடுத்தோம்' என்று வெகு தூரத்திலும் கொடுக்கலாம். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் போய், ஏழைகளுக்கான வீடு எந்த வார்டில் எத்தனை என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடம் குறிக்காத எண்ணிக்கையை ஏற்காதீர்கள்.

அந்த அக்காவின் பெண்ணுக்கு இப்போது இருபத்திரண்டு வயது, ஒரு மருந்துக் கடையில் வேலை. போன வருஷம் ராயபுரத்தில் ஒரே அறை, 5,000 ரூபாய் வாடகை, 50,000 அட்வான்ஸ். அம்மா போட்டிருந்த ஏலச்சீட்டை மூன்றாவது மாதமே தள்ளி எடுத்தார்கள், தள்ளுபடி போகக் கைக்கு வந்தது 41,000. மீதிக்கு அக்காவின் மூக்குத்தியும் கம்மலும் அடகுக் கடைக்குப் போயின. பூக்கடைக்கு நடந்தே போகலாம், இருபது நிமிஷம். மூக்குத்தி இன்னும் மீட்கவில்லை.